கீறல் விழுந்த தட்டு கிடைக்குமா?

காசில்லாமல் இசைத்தட்டு சேர்க்கிறவன் வேண்டிய பாட்டைக் கேட்க முடியாது. அகப்பட்டதைத்தான் கேட்க வேண்டும். இதே வியாதி உள்ள உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி வசந்தா இறந்துபோன பிறகு எனக்கு இது முற்றிவிட்டது. புளியைத் தட்டி ஓடு எடுக்கும்போது அவள் ஒரு பாட்டுப் பாடுவாள். சரணத்தில் ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவாள். அவள் பிறந்த படவேட்டுப் பக்கத்தில் மைக் செட்காரர் வைத்திருந்த தட்டில் கீறலாம். கேட்டுக் கேட்டு அப்படியே படிந்துவிட்டது. அந்தத் தாவலை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதுதான் என் தேடல்.

எடைக்கு வாங்கியது

கணியம்பாடியில் பழைய இரும்புக் கடைக்காரர் பெயர்ச்சீட்டு கிழிந்த தட்டுகளை எடை போட்டுக் கொடுத்தார். அவள் பாட்டு இருக்குமோ என்று மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குத் தூக்கி வந்தேன். ஒன்றில் ஏதோ தெரியாத மொழியில் ஒரு பெண் தனியாகப் பாடினாள். நிறுத்த மனம் வரவில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மங்கம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"இன்னா பாஷைண்ணா இது? ஒண்ணும் புரியல. ஆனா யாரோ செத்துட்டாங்கன்னு மட்டும் தெரியுது."

வேலூர் நடைபாதையில்

வசந்தாவின் பாட்டு கடைசியில் வேலூரில் அகப்பட்டது. கடைக்காரர் தட்டை வெயிலில் சாய்த்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. "இதிலேயே கீறல் விழுந்தது இருக்குங்களா?" என்றேன்.

"கீறலே இல்லன்னு சத்தியம் பண்ணி விக்கறவன் நானு. கீறல் கேட்டு வர்ற மொத ஆளு நீதான் பெரியவரே!"

படவேட்டில்

அந்த நல்ல தட்டையும் வாங்கித்தான் வந்தேன். அவள் பாடாமல் விட்ட வரி நிலவைப் பற்றிய சாதாரண வரி. அதைக் கேட்டபோது, கூப்பிடாத ஆள் யாரோ வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

பிறகு மாமியார் ஊருக்கே போனேன். மைக் செட்காரர் இப்போது இல்லை. மகன் டிஜே பெட்டி வாடகைக்கு விடுகிறான். பரண்மேல் தேடி, அப்பா பெயின்டால் பேர் எழுதிய அதே தட்டை எடுத்துவிட்டான். அப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயரில் வைத்ததும் வசந்தாவின் வரி வந்தது. தாவப்போகிற நேரம். பையன் ஊசியின் தலைமேல் ஒற்றை ரூபாய் ஒன்றை வைத்து விரலால் அமுக்கினான். பாட்டு ஒரு சொல்லும் விடாமல் ஓடியது.

"எடுப்பா, எடுப்பா" என்றேன். ரூபாயை எடுத்துவிட்டு முதலிலிருந்து போட்டான். இப்போதும் தாவவில்லை. அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் "நல்லா கீதுப்பா" என்றேன்.

"போன்ல பாத்தேன் மாமா. ஒருவாட்டி அமுக்கி ஓட்டிட்டா ஊசி தானா வழி பண்ணிக்கும். இனிமே குதிக்கவே குதிக்காது, தைரியமா எட்த்துனு போ!"

ஆகவே, என்னைப் போல் அலையும் சகோதரர்களே, உங்களுக்கு உயிரான பழுது எதையும் பழுது பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.