பேர் வெட்டிய குழல்

காரைக்குடியில் ரேடியோ பழுதுபார்த்த அவரை எல்லோரும் ரேடியோக்காரர் என்றே அழைத்தோம். எதற்கும் சிரிக்காத முகம். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தொடுமுன் கைவிரல்களை ஒருமுறை ஊதிக்கொள்வார்.

எழுபதுகளில் எங்கள் எலெக்ட்ரிக் ஆர்கன் ஊமையானது. பழுதான பாகத்தைக் கழற்ற, பழைய ஈயத்தை உருக்கி எடுக்கவேண்டும். அதற்கென்றே அப்பச்சி, என் தகப்பனார், சிங்கப்பூரிலிருந்து ஈயம் உறிஞ்சும் குழல் ஒன்றை வரவழைத்தார். எங்கள் வீட்டில் கரண்டியைக்கூடப் பேர் வெட்டாமல் புழங்க விடமாட்டார்கள். குழலிலும் உளி வைத்து வெட்டியாயிற்று. அலுமினியம் நசுங்கி, உள்ளே அழுத்தும் தண்டு சிக்கிக்கொண்டது.

ரேடியோக்காரர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஒயரின் செம்புப் பின்னலை உரித்து, ஈயத்தின் மேல் வைத்துச் சூடு காட்டினார். ஈயம் அதில் ஏறிக்கொண்டது. ஆர்கன் பாடியது.

"குழல் எப்படி?" என்றார், அப்போதுதான் உள்ளே வந்த அப்பச்சி. பக்கத்திலிருந்து எல்லாம் பார்த்த நான் தலைகுனிந்தேன்.

"அருமையான சாமானுங்கய்யா. நல்லதாப் பாத்து வாங்கியிருக்கீக."

அப்பச்சி பூரித்துப்போய் அதை அவருக்கே கொடுத்துவிட்டார். அன்றுமுதல் அது அவர் கடை மேசையில், எங்கள் எழுத்து தெரிய நின்றது.

"வேலைக்கு ஆகாததை ஏன் வச்சிருக்கீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அய்யா இங்குட்டு வந்தா அதப் பாப்பாகல்ல."

அப்பச்சி காலமான மறுவருஷம் அந்தக் கடைக்குப் போனேன். குழல் அங்கேயே நின்றது, தூசியில்லாமல்.