மூச்சைத் திருப்பிக் கொடுத்த டிரஸ்ஸர்

லூமுட்டிலிருந்து கருவாடு கொண்டுவரும் காதர் பாய்தான் செய்தியைச் சொன்னார். என்னிடம் அல்ல, லயத்து வரிசைவீட்டுப் பெண்களிடம். மருந்து கலந்துகொண்டிருந்த நான் ஒப்பாரிச் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது தோட்டம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. கடற்காற்றில் உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போன டிரஸ்ஸர் நல்லதம்பி, போன இடத்திலேயே காலமாகிவிட்டார். பக்கத்து மேசையில் வேலை பார்த்த எனக்கு அந்தச் செய்திகூடக் கடைசியாகத்தான் வந்தது.

அவரை அறிந்த உங்களிடம் அவரைப் புகழ வேண்டியதில்லை. நீங்கள் புகழ்ந்ததையெல்லாம் வேண்டிய மட்டும் கேட்டவன் நான். லகாட்டுக்கு அப்பால் உள்ள எங்கள் ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனைக்கு நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில், மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸ்ஸர்களாக வந்தோம். ஒரே படிப்பு, ஒரே சம்பளம், ஒரே காக்கிச் சட்டை. நோயாளிகள் மட்டும் அவருக்கு. என்னிடம் வருகிறவர்கள் வாசலில் நின்று, "நல்லதம்பி ஐயா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால்தான் உள்ளே வருவார்கள். ஒரு ஆளாவது என் பெயரைச் சொல்லிக் கேட்டு வரமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் அது அடங்கவில்லை.

மலேரியாவில் விழுந்து எழுந்தவர்களுக்குப் பழையபடி ரப்பர் மரம் கீறிப் பால் வெட்டத் தெம்பு வந்துவிட்டதா என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. நான் ஆளை ஒரு மரப்பெட்டியில் ஏறி இறங்கச் சொல்லி, கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணுவேன். பிறகு உட்காரவைத்து, அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்ப்பேன். அவரோ ஆளைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவார். ஏறும்போதே ஊர், உறவு, மாமியார் சண்டை எல்லாம் விசாரிப்பார். பேச்சு திணறினால் புல் வெட்டும் லேசான வேலைக்கு எழுதிக் கொடுப்பார். "மூச்சு வாங்குறவனால தெம்பா இருக்கேன்னு பொய் சொல்ல முடியாது" என்பார். பெரும்பாலும் இருவருக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்.

மாரிமுத்து விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. நாடி அடங்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். "நல்லாத்தானே பேசுறான்" என்று அவர் வேலைக்கு அனுப்பிவிட்டார். மறுநாளே மாரிமுத்து பால் வாளியோடு சுருண்டு விழுந்தான். நல்லதம்பி ஓடிப்போய் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அவன் மனைவியிடம், "தப்பு என்னுதும்மா" என்றார். ஆள் பிழைத்துக்கொண்டான். ஐயா முதுகில் சுமந்து வந்தார் என்பதே வெகுநாள்வரை தோட்டத்துப் பேச்சு. சரியாகச் சொன்ன என்னைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஈப்போவிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் ஒரு பெரிய ரப்பர்ப் பையோடு வந்தார். மூக்கை இடுக்கியால் அடைத்துக்கொண்டு பெட்டியில் ஏறி இறங்க வேண்டும். வாயால் விடும் மூச்சு குழாய் வழியாகப் பையில் சேரும். அதை அளந்தால், உழைக்கும்போது உடம்பு எவ்வளவு உணவை எரிக்கிறது என்று தெரிந்துவிடும். லயத்தில் போய் இதை விளக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுப்பு, விறகு, புகை என்று நெடுநேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். முடித்ததும் அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரி எழுந்தாள்.

"எம் மூச்சப் புடிச்சு ஈப்போவுக்குக் கொண்டு போயிட்டா, அப்புறம் நான் எதை விடுறது?"

கூட்டம் கலைந்துவிட்டது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. டாக்டர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன்.

நல்லதம்பி அஞ்சலையின் வீட்டுக்குப் போனார். சிரிக்கவில்லை, விளக்கவும் இல்லை. "அளந்து பாத்ததும் ஒன் வாசல்லயே திருப்பித் தாரேன். நான் இருக்கேன்லா, வா" என்றார். அவள் வந்தாள். அளந்து முடிந்ததும், மிச்சக் காற்றோடு தொங்கிய பையைக் கைக்குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு லயத்துக்கு நடந்தார். அஞ்சலை வாசலில் வாயைத் திறந்து நின்றாள். அவர் பையை அமுக்கினார். அவள் முழுதாக இழுத்துக்கொண்டு, "சரியா இருக்கு ஐயா" என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் வந்தார்கள். எல்லாருக்கும் அவரவர் மூச்சு அவரவர் வாசலில் வேண்டியிருந்தது.

"அது வெறும் கெட்ட காத்து. எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"நம்பிக் குடுத்தத வழியில கொட்டிட்டு வரலாமா?" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. தலைமை டிரஸ்ஸர் பதவியும் அவருக்கே போயிற்று.

இந்த மழைக்காலத்தில் மேடு ஏறும்போது அவருக்கே பேச்சு நின்றுபோனது. தன்னைத் தானே சோதித்துக்கொண்டதுபோல, மறுவாரமே லீவு கேட்டு லூமுட்டுக்குக் கிளம்பினார்.

காரியம் முடிந்த மறுநாள் மருத்துவமனை வாசலில் வரிசை நின்றது. முன்னால் அஞ்சலை. "சாமிநாதன் ஐயா இருக்காருங்களா?" என்று கேட்டாள். என் காதையே நம்ப முடியவில்லை. சாவு வீட்டுத் துக்கத்திலும் மனசு குளிர்ந்தது என்றால் மன்னிக்க வேண்டும்.

"எம் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நல்லதம்பி ஐயாதான் சொன்னாரு. போறதுக்கு முன்ன வீடு வீடா வந்தாரு. இனிமே சாமிநாதன் ஐயாவக் கேட்டுப் போங்க, என்னை விடக் கைராசிக்காரருன்னாரு."

நான் ஏங்கிக் கிடந்த அந்த ஒன்றையாவது என்னைச் சம்பாதிக்க விட்டாரா அந்த மனிதர்? அவர் எனக்கு வைத்துவிட்டுப் போனது லயத்தார் வாயில் என் பெயர். வைத்துக்கொள்கிறேன். வயிறு எரிய எரியத்தான் வைத்துக்கொள்கிறேன்.