சிலுவை வரைந்து கொடுத்த மாத்திரை

ஒரே நாளில் பதினான்கு தடவை என் மனைவி ஆரோக்கியமேரி கழிவறைக்குப் போனாள். பதினைந்தாவது தடவை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தவக்காலத்தின் மூன்றாவது வாரம் அது.

அவள் காலில் வந்த சீழ்ப்புண்ணுக்காகப் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்துவிட்டு, எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குத் திரும்பியிருந்தோம். புண் ஆறிவிட்டது. நான்காம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது.

எங்கள் வீட்டில் மாத்திரையின் மேல் சிலுவை அடையாளம் வரைந்துதான் கொடுப்போம். கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் தொடங்கிய வழக்கம். நான் சிரித்தேன்.

"சிரிக்காம முழுங்குங்க. நான் சொன்னா கேக்காது, ஆண்டவரு சொன்னா கேக்கும்" என்றாள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த விரலசைவு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது என் முறை. பழைய சீட்டை மருந்துக்கடையில் காட்டி, புண்ணுக்கு மருத்துவமனையில் கொடுத்த அதே ஆன்டிபயாடிக்கை வாங்கினேன். காலை ஒன்று, மாலை ஒன்று. ஒவ்வொன்றிலும் சிலுவை வரைந்தேன். ஐந்து நாளில் போக்கு கூடியது, காய்ச்சலும் வந்தது. மாலைச் செபமாலையை உரக்கத் தொடங்குபவள் அவள்தான். அந்தக் குரல் இல்லாமல் எங்கள் வீடு யார் வீடோ போல இருந்தது.

மறுபடி அதே மருத்துவமனை. வேறு மாத்திரை எடுத்தாரா என்று கேட்டார்கள். "நீங்க குடுத்ததுதான்" என்றேன். கடையில் வாங்கியதைச் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் காலை, சிறுநீரகம் தளர்கிறது என்றார் மருத்துவர். ஜன்னலோரம் நின்றேன். அழுகை வரவில்லை. "மாதாவே, நான் எதைப் பார்க்கத் தவறினேன்? காட்டும்."

செபித்துவிட்டுத் திரும்பினேன். மாத்திரை நேரம். பையிலிருந்து எடுத்துச் சிலுவை வரைந்தேன். செவிலியர் என் கையைப் பிடித்தார்.

"என்ன மாத்திரைங்க அய்யா இது? நாங்க எழுதலையே."

"முன்னாடி இங்க குடுத்ததுதாம்மா. கடையில வாங்குனேன்."

"செபம் பண்ணுங்க, வேணாங்கல. இத யாரு குடுக்கச் சொன்னது? எத்தன நாளா?"

மேரி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அவரு ரொம்ப ஒழுங்கு சிஸ்டர். ஒரு வேள தப்பல."

செவிலியர் மாத்திரை அட்டையோடு மருத்துவரிடம் ஓடினார். மலத்தைச் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளையும் அழித்துவிட்டது. அந்த இடத்தை மருத்துவமனையில் தொற்றிய ஒரு கிருமி பிடித்துக்கொண்டது என்றார் மருத்துவர். நான் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும் அதற்கே உதவியிருக்கிறது. அதை நிறுத்தி, அந்தக் கிருமிக்கான மருந்தைத் தந்தார்கள். கைக்குத் தடவும் திரவம் இந்தக் கிருமிக்குப் போதாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று செவிலியர் செய்து காட்டினார்.

நான்காம் நாள், "பசிக்குது" என்றாள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்கு நடந்தே வந்தாள். அன்று மாலை வீட்டில் மறுபடி அவள் குரல். 'அருள் நிறைந்த மரியே' என்று வழக்கம்போல வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அந்த வேகத்தைப் பற்றி முப்பது வருடம் குறை சொன்னவன் நான். இப்போது சொல்வதில்லை.

சகோதர சகோதரிகளே, ஆண்டவரிடம் நம்பிக் கேளுங்கள். என் செபத்துக்கான பதில் ஒரு செவிலியரின் கேள்வியாக வந்தது. உங்களுக்கும் அப்படி வந்தால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்றும் அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். விரலைத் தூக்கியதும் கேட்பாள்:

"டாக்டரு எழுதுனதா?"

"ஆமா."

"அப்ப வரைங்க."