பிரீதர் குழாயில் கட்டிய துணி

அந்தத் துணியைக் கட்டியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

என் தங்கை புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலையை விட்டதும் திருவொற்றியூரில் ஒரு பழைய குடோனைப் பிடித்து விமானம் கட்ட ஆரம்பித்தார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பாதிப் பாகங்கள் பெட்டியில் வந்தன, மீதியை அவரே அறுத்து, வளைத்து, ரிவிட் அடித்தார். ஓட்டுவதற்கு முறையாகக் கற்று லைசென்ஸும் வாங்கியிருந்தார். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எஞ்சின் என்று வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது என் பிழைப்பு.

எந்த எஞ்சினுக்கும் மூச்சு விட ஒரு வழி வேண்டும். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை, எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது வெளியே போக ஒரு ரப்பர் குழாய் உண்டு. பிரீதர் என்போம். அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால், எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். எண்ணெய் போனால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். படகில் அப்படி ஆனால் நங்கூரம் போட்டுவிட்டு இன்னொரு படகைக் கூப்பிடலாம். மேலே நங்கூரம் கிடையாது.

அவருக்கு ஒரு பிடிவாதம், விமானத்தின் அடிவயிறு வெள்ளையாகவே இருக்க வேண்டும். பிரீதர் முனை அடியில் நீட்டிக்கொண்டிருந்தது. குடோன் வாசலில் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அது சொட்டி, வெள்ளைப் பெயிண்டில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கத்திலிருந்து வரும் கரித்தூள் அதில் ஒட்டிக் கறுப்பாகும். எங்கள் பக்கம் காலையில் காயப்போட்ட வேட்டி மத்தியானத்தில் வேறு நிறம். அந்தத் தூள் குழாய் வழியே எஞ்சினுக்குள் போய்விடும் என்றும் அவருக்குப் பயம். "இத்த ஏதாச்சும் பண்ணு மச்சான்" என்று தினமும் நச்சரித்தார்.

காசிமேட்டில் எல்லாப் படகிலும் செய்வதைச் செய்தேன். பிரீதர் முனையைக் காலி தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, பாட்டில் வாயைப் பழைய பனியன் துணியால் சுற்றிக் கம்பியால் கட்டிவிடுவோம். துணி வழியாகப் புகை போகும், எண்ணெய் பாட்டிலில் நிற்கும். மீனில் எண்ணெய் வாடை ஏறினால் ஏலத்தில் அந்தக் கூடையை ஒருத்தியும் தொடமாட்டாள், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கரைக்கு வரும்போதெல்லாம் பாட்டிலைக் கொட்டித் துணியை மாற்றுவார்கள். மாற்றுவார்கள். அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

குழாயை மேலே திருப்பி, எஞ்சின் மூடிக்கு உள்ளேயே பாட்டிலை வைத்துக் கட்டினேன். விமானத்தைச் சோதிக்கும் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் இதைச் செய்தேன், அதனால் அவர்கள் கண்ணிலும் படவில்லை. எஞ்சினோடு வந்த புத்தகத்தில் இப்படி இல்லையே என்று அவர் ஒரு தடவை கேட்டார். "பொஸ்தகமா மாப்ள கடலுக்குப் போவுது?" என்று மடக்கினேன். அவர் சிரித்துவிட்டு மூடியை மாட்டினார். பிறகு பல நாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். வயிறு வெள்ளையாகவே இருந்தது. எனக்குப் பெருமை.

முதல் தடவை பறக்க, இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓடுபாதைக்குக் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம் அது. எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் எஞ்சின் வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

அவர் பறக்க வேண்டிய அன்று காலை ஒரு படகின் எஞ்சின் அறையில் குனிந்திருந்தேன். அந்தப் படகுக்காரன் சோம்பேறி. தடைக்காலத்துக்கு முன்னால் கட்டிய துணியை மாற்றவே இல்லை. பிரித்தால் வரவில்லை. கத்தியால் அறுத்தேன். எண்ணெயும் ஈரமும் கரியும் ஊறி, காய்ந்த தார் மாதிரி இருந்தது. வாயில் வைத்து ஊதினேன். ஒரு பொட்டுக் காற்று போகவில்லை.

கை நின்றது. மாப்பிள்ளையின் விமானத்தில் நான் கட்டிய துணியை இதுவரை யாரும் மாற்றவே இல்லை.

அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். ஏறும்போது அணைத்துவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். மறுபடி போட்டேன். மறுபடியும். ஓடுபாதையில் யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. எதையும் முன்யோசனையாக வாங்கி வைக்காத முட்டாள் நான். தங்கையைக் கூப்பிட்டேன். ராயபுரத்தில் வீட்டில் இருந்தாள். ஓடுபாதையில் யார் நம்பராவது இருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"உன் கொரலு சரியில்லண்ணா. இன்னா பண்ணி வெச்ச?"

சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. லாரி டிரைவரின் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

டிரைவர் எடுத்தார். விமானம் ஓடுபாதையின் அந்தக் கோடியில் எஞ்சின் சூடாகிக்கொண்டு நிற்கிறது, கத்தினாலும் கேட்காது, ஓடினாலும் எட்டாது என்றார். பின்னால் அந்த எஞ்சின் சத்தம் எனக்கே கேட்டது. நான் கை வைத்த எஞ்சின்.

"லாரிய குறுக்க வுட்டுடட்டா?" என்றார்.

"வுடு."

லைன் அறுந்தது. மேலே தளத்தில் எவனோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான், நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். லாரி கிளம்புவதற்குள் அவர் கிளம்பிவிட்டால் என்ன ஆகும்? லாரியைப் பார்த்தும் அதற்குள் விமானத்தை மேலே தூக்கிவிடலாம் என்று நினைத்தால்? தங்கையிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வேன்?

போன் வந்தபோது அவர் நம்பர்தான். கோபத்தில் இரைந்தார். பாதையில் குறுக்கே வந்து நிற்கிறானே, லாரிக்காரனுக்குப் பைத்தியமா, நீதான் சொன்னதாகச் சொல்கிறானே, உனக்கு என்ன வந்தது என்று கேட்டார். எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்து பாட்டிலைப் பார் என்றேன். திருகாணிகள் கழலும் சத்தம் கேட்டது.

"பாட்டில் பலூனாட்டம் உப்பிக்கினு கீது மச்சான்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "முன்னால சீல்ல எண்ணெ கசிஞ்சிகினு கீது. கண்ணாடில ரெண்டு சொட்டு. நான் பூச்சினு நெனச்சேன்."

மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை எனக்கு. எதிலும் கை வைக்காதே, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். முதலில் தங்கையைக் கூப்பிட்டேன். நிறுத்தியாச்சு என்றதும் அழுதாள். பிறகுதான் திட்டினாள். அதை இங்கே எழுத முடியாது.

படகுக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு அன்றே போனேன். எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டேன். பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழாயைப் பழையபடி அடியில் நீட்டினேன். புத்தகத்தைத் திறந்து வைக்கச் சொல்லி, அதில் உள்ளபடி மூடிக்கு உள்ளே குழாயில் சின்னதாக ஒரு துளையும் போட்டேன். முனை அடைத்துக்கொண்டாலும் மூச்சு அந்த வழியாகப் போகும். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தார். "கடலுக்குப் போற பொஸ்தகம்" என்றார் ஒரு தடவை. நான் துளையின் பிசிறைத் தேய்த்து எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, தங்கையும் வந்து பார்க்க, அவர் பறந்தார். ஓடுபாதையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கினார். அவ்வளவு நேரமும் நான் எங்கே பார்த்தேன், என்ன நினைத்தேன் என்று நினைவில்லை. நின்றதும் லாரி டிரைவர் கை தட்டினார், தங்கை ஓடினாள். நான் விமானத்துக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தேன்.

வெள்ளை வயிற்றில் குழாய் முனையிலிருந்து பின்னால் வரைக்கும் எண்ணெய்க் கோடு, விரல் அகலத்துக்கு ஓடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"கறை பட்டுக்கீதா?" என்று மேலே இருக்கையிலிருந்து மாப்பிள்ளை கேட்டார்.

"பட்டுக்கீது" என்றேன்.

"துடைக்காத, வுடு."