பேலன்ஸ் டேங்கில் தேங்காயெண்ணெய்

பிரஷர் கேஜின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது நான் மோட்டார் அறையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஆள் உயரத்துக்கு எழும்ப வேண்டிய நீரூற்றுகள் முழங்கால் அளவுக்குத் துப்பிக்கொண்டிருந்தன. அதே நேரம் வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு பெரிய மனிதர் தரையில் வழுக்கி, காலை விரித்தபடி பொத்தென்று உட்கார்ந்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டாரை நிறுத்தினேன்.

நாகர்கோவிலில் ஒரு பூங்காவின் இலவச நீர்விளையாட்டுத் திடலுக்கு நான்தான் ஆபரேட்டர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இங்கே ஓடுவதெல்லாம் ஒரே தண்ணீர். தரைக்கு அடியில் இருக்கும் பேலன்ஸ் டேங்கிலிருந்து மோட்டார் இழுக்கும். மணல் ஃபில்டரில் வடிகட்டி, நாசில் வழியாகப் பீய்ச்சி, தரையில் வழிந்து மறுபடியும் டேங்குக்கே வந்து சேரும். பிள்ளைகளின் மேலே என்ன இருக்கிறதோ அதெல்லாம் டேங்குக்கும் வரும்.

டேங்க் மூடியைத் திறந்தேன். சமையலறை வாசம் அடித்தது. மேலே மஞ்சளாக ஒரு படலம். அசல் தேங்காயெண்ணெய். அதுதான் ஃபில்டர் மணலை அடைத்திருந்தது.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் குளிக்கப் போகிறோம் என்று கேட்டாலே எண்ணெய்ப் புட்டியைத் தேடுவார்கள். அருவி, குளம், கால்வாய் எதுவானாலும் தலைமுதல் கால்வரை தேய்த்துக்கொண்டுதான் இறங்குவார்கள். நீர்விளையாட்டுத் திடலும் அவர்களுக்கு அந்தக் கணக்கில்தான் வரும். ‘எண்ணெய் தேய்த்து வராதீர்’ என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறோம். அதன் மேல்தான் ஈரத்துண்டைக் காயப் போடுவார்கள்.

அன்று மே மாத விடுமுறை, நல்ல கூட்டம். வாதாம் மர நிழலில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அருமனையிலிருந்து காரில் வந்தவர்கள். அவர்களுடைய பெண்குழந்தை வெயிலில் மின்னிக்கொண்டு நின்றாள். வேறு பல பிள்ளைகள் மேலும் எண்ணெய் இருந்தது, ஆனால் இவளுக்குக் காதுமடலில் இருந்துகூடச் சொட்டியது.

“ஆரு இந்தப் பிள்ளைக்கு எண்ணெ தேய்ச்சது?” என்று கேட்டேன்.

முப்பது வயதிருக்கும் ஒருவர் எழுந்தார். பெயர் சுனில். “நானாக்கும் அக்கா. எனக்க மவ அபி. கொஞ்சம் கூடிப்போச்சு.”

“கொஞ்சமா? டேங்க அடுப்புல வச்சா ஊருக்கே அப்பளம் பொரிக்கலாம்!”

அவர் தலை குனிந்துகொண்டார். அவருடைய மனைவி என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அக்கா, அவர ஏசாதுங்க. துபாயில இருந்து லீவுல வந்தவராக்கும். போவும்போ இவ கைக்குழந்த. இப்ப வந்த நாளில இருந்து அவரு கிட்ட போவ மாட்டா. மாமன்னுதான் கூப்பிடுதா. இண்ணைக்கு காலத்த வெள்ளத்தில விளையாடப் போறோம்னு சொன்னதும், எண்ணெ தேய்க்க அவருக்கிட்ட நிண்ணு குடுத்தா. அதுதான் மொதத் தடவ. அந்த சந்தோசத்தில மனுசன் புட்டிய முழுசா கவுத்திட்டாரு. இங்க இருந்து நேர ஏர்போர்ட்டுக்குப் போவணும். சாயங்காலம் கெளம்பிருவோம்.”

கார் டிக்கியில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகள் தெரிந்தன. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதருக்குச் சாயங்காலம் வரைதான் நேரம், அதற்குள் தண்ணீரை நிறுத்தியது நான்.

எங்கள் உதவிப் பொறியாளருக்கு போன் போட்டேன்.

“ஸ்டெல்லா, ரிஸ்க் எடுக்காண்டாம். இண்ணைக்கு மூடிப்போடு. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார்.

“நாளைக்குப் பாக்க முடியாத ஆளு ஒருத்தர் இங்க நிக்காரு சார். கொஞ்ச நேரம் தாங்க. தரையில வழுக்கல் இருந்துதுன்னா நானே கேட்டப் பூட்டுதேன்.”

“உனக்க பொறுப்பு, கேட்டியா?”

“எப்பவும் எனக்க பொறுப்புதானே சார்.”

போனை வைத்துவிட்டு சுனிலைக் கூப்பிட்டேன். “தம்பி, தேய்ச்ச கையிக்குத் துடைக்கவும் தெரியணும். வாரும்.”

போர்வெல் வால்வைத் திறந்து டேங்கை நிரம்ப வழியவிட்டேன். மிதந்த எண்ணெய் ஓவர்ஃப்ளோ பைப் வழியாக வெளியேறியது. தண்ணீரை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டு ஃபில்டருக்கு பேக்வாஷ் கொடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும் சேர்ந்து, ஸ்ட்ரெய்னர் சல்லடையில் இருந்து எடுத்தது கைநிறைய இருந்தது. இனி தரை.

“சோப்பு போட்டுக் கழுவலாமே அக்கா?” என்றார் சுனில்.

“போட்டா நுரை பொங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவும். எதிர்த்த மரமில்லுல தூள் கேட்டு வாங்கிட்டு வாரும்.”

மரத்தூள் சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். தூவினோம், தேய்த்தோம், கூட்டி அள்ளினோம், மறுபடியும் தூவினோம். அவர் போட்டிருந்தது பயணத்துக்கென்று எடுத்த புதுச் சட்டையென்று பார்த்தாலே தெரிந்தது. அது முழுக்கத் தூள். முதலில் முணுமுணுத்துக்கொண்டு நின்ற மற்ற அப்பாக்களும் ஒவ்வொருவராகத் துடைப்பம் எடுத்தார்கள். அந்தப் பக்கம் அம்மாக்கள் குழாயடியில் பிள்ளைகளைப் பயறுமாவு போட்டுக் கழுவினார்கள். அபி அம்மாவின் கையில் வழுக்கி நெளிந்துகொண்டே, தூள் அள்ளுகிற மாமனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு நானே திடல் முழுக்க நடந்து பார்த்தேன். கால் பிடித்தது. மோட்டாரைப் போட்டதும் நீரூற்றுகள் ஆள் உயரத்துக்கு எழும்பின. பிள்ளைகள் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன.

அபி மட்டும் உள்ளே போகவில்லை. முழங்கால் உயர நீரில் விளையாடியவள், ஆள் உயரத்தைக் கண்டதும் பயந்துவிட்டாள். அம்மாவின் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றாள். சுனில் கையை நீட்டினார். அவள் வரவில்லை. அம்மா மெல்ல உள்ளே தள்ளிவிட்டாள். நாலடி வைத்திருப்பாள், நடுவில் உயரத்தில் இருக்கும் பெரிய பக்கெட் நிரம்பித் தடாலென்று கவிழ்ந்தது. பிள்ளை வீலென்று அலறினாள். பக்கத்தில் நின்றது சுனில்தான். பாய்ந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவர் அசையவே இல்லை. அசைந்தால் இறங்கிவிடுவாள் என்று பயந்திருப்பார்.

பக்கெட் மறுபடி நிரம்ப நேரம் எடுக்கும். அதற்குள் அவளுடைய பிடி தளர்ந்தது, இறங்கக் காலை நீட்டினாள். நான் பக்கெட் லைன் வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன். இப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. பக்கெட் உடனே நிரம்பிக் கவிழ்ந்தது, அவள் மறுபடியும் கட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை கவிழ்ந்தபோது சிரித்தாள். அதற்கப்புறம் அவளே பக்கெட்டைக் காட்டிக் காட்டி அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

வெயில் தாழ்ந்ததும் மனைவி காரைக் காட்டினாள். சுனில் பிள்ளையைத் தோளில் வைத்தபடி என் ஜன்னலுக்கு வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“போயிட்டு வாறேன் அக்கா. எண்ணெ காரியத்தில ஒண்ணும் நினைக்காதுங்க.”

“சாரமில்ல, போட்டும்” என்றேன். பிள்ளையைச் சீண்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. “ஏட்டி, அடுத்த தடவ எண்ணெ தேய்ச்சிட்டு வந்தியானா உள்ள விட மாட்டேன், கேட்டியா?”

அவள் முறைத்தாள். “எனக்க அப்பா தேய்ப்பாரு!”

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி. சுனில் நனைந்த சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். நான் கேஜைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இப்போது வாசலிலேயே ஒரு குழாயும், பயறுமாவு டின்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணெயோடு வருகிற பிள்ளையை விரட்ட வேண்டாம். கழுவி உள்ளே அனுப்புங்கள். யார் தேய்த்துவிட்டது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பா என்று சொன்னால், பக்கெட் வால்வை முழுசாகத் திறந்துவிடுங்கள்.