எங்க பக்கம், ஒங்க பக்கம்

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பரம்பரையாக வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் மாமியார், "எங்க பக்கத்துல இப்பிடி யாருமில்ல. ஒங்க பக்கந்தான்," என்றார்.

"அத்தை, எங்கப்பா ஒங்க கூடப்பொறந்த தம்பி தானே?"

"படிச்ச திமிரு பேசுது."

படித்தவள்தான். தாயிடமும் தந்தையிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை சேர்ந்தால் நான்கில் ஒரு பிள்ளையிடம் அது வெளிப்படலாம் என்று உயர்தரப் பரீட்சையில் கட்டம் போட்டுக் காட்டியவள். அத்தை மகனையே கட்டிக்கொள்ளச் சொன்னபோது அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா, தெரியவில்லை.

ராகலையில் இறங்கும்போது, "அடுத்தது நல்லாப் பொறக்கும்," என்றார் அத்தை. அப்போதே எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.