லீட் கிட்டார் கேட்கவில்லை

பகலில் கொச்சி தேவராவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். மற்ற நேரத்தில் நான்கு பேர் கொண்ட ஒரு இசைக்குழுவில் லீட் கிட்டார். பழைய ஹெவி மெட்டல் பாட்டுகள்தான் வாசிப்போம். ஃபோர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலின் முற்றத்தில் வாசிக்கக் கூப்பிட்டபோது எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஒரு பாட்டில் கிட்டார் முன்னே வந்து வாசிக்கும் சோலோவையாவது ரெக்கார்டில் இருக்கிற அதே டோனில் வாசித்துவிட வேண்டும்.

தொண்டை கட்டிய ஒருவன் மூச்சு விடாமல் உச்சத்தில் இழுப்பதுபோல இருக்கும் அந்த டோன். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாலைதோறும் அதைத் தேடினேன். கரகரப்புக்குக் காலால் அழுத்தும் ஒரு பெடல், எதிரொலிக்கு ஒரு பெடல், ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு குமிழாகத் திருப்பித் திருப்பி. கடைசியில் ஒரு நாள் ரெக்கார்டையும் என் வாசிப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அறைக்குள் தனியாகக் குதித்தேன்.

நிகழ்ச்சி அன்று மதியம் முற்றத்தில் ஒத்திகை. சோலோ முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் பள்ளுருத்தி ஊர்க்காரப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சேச்சி, சோலோ வாசிச்சோ?"

கேலி என்று நினைத்தேன். ஆம்ப்ளிஃபயரைத் தூக்க உதவிக்கு வந்த என் கணவர் பின்சுவரோரம் நின்றிருந்தார். மெட்டல் என்றாலே அவருக்குத் தலைவலி.

"கை ஓடறது தெரிஞ்சுது. சத்தம் ஒண்ணும் வரலை," என்றார்.

சத்தத்தைக் கூட்டி மறுபடி வாசித்தேன்.

"இப்போ எல்லாம் சேர்ந்து மிக்ஸி ஓடற மாதிரி இருக்கு."

அத்தனை மாலைகளும் வீணா என்று அழுகை முட்டியது. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, பாடகரைத் தவிர மற்ற இருவரையும் சோலோ வரும் இடத்தை வாசிக்கச் சொல்லி, நானே கணவர் பக்கத்தில் போய் நின்றேன். அடியில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் அதிர்ந்தன, மேலே சிம்பல் தட்டு சீறியது. நடுவில் ஒன்றுமில்லை; என் கிட்டார் நிற்க வேண்டிய இடம் அதுதான். அந்த நடு ஒலியைத்தான், ஹெட்போனில் இதமாக இருக்கிறதென்று, நான் வீட்டிலேயே குறைத்து வைத்திருந்தேன்!

ஓடிப்போய் நடு ஒலிக்கான 'மிட்' என்ற குமிழை நன்றாகக் கூட்டினேன். கரகரப்பைப் பாதியாக்கினேன். தனியாக வாசித்தால் கிட்டார் தகரத்தில் கீறுவதுபோலக் கிறீச்சிட்டது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

"தனியா கேக்க வேண்டா, சேச்சி. எங்களோட வாசி," என்றான் டிரம்ஸ்காரன்.

வாசித்தோம். பின்சுவரிலிருந்து கணவர், கேட்கிறது என்று கையை உயர்த்தினார்.

அந்தி சாயும்போது முற்றம் நிரம்பிவிட்டது. சோலோவின் முதல் நீண்ட ஸ்வரத்தை இழுத்தேன். டிரம்ஸுக்கு மேலே ஏறி அது அங்கேயே நின்றது. முன்வரிசையில் சாயா குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். விரல் ஓரிடத்திலும் தவறவில்லை.

"எப்படி?" என்று இறங்கி வந்து கணவரிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு ஸ்வரமும் கேட்டுது. தலைவலியும் வந்துடுத்து." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கணவர் போனில் எடுத்ததைப் பிறகு கேட்டுப் பார்த்தேன். ரெக்கார்டோடு அச்சாக ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டைத் தெரிந்த யாரும் இரண்டு நொடியில் சொல்லிவிடுவார்கள், இது அதுதான் என்று. அடுத்த மாதமும் வர முடியுமா என்று ஹோட்டல்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிரம்ஸ்காரன் சரி என்றுவிட்டான்.